புளி போட்டு விளக்கிய துப்பாக்கி

2011ஆம் ஆண்டு ஆயுத பூஜை அக்டோபர் ஐந்தாம் தேதி, புதன்கிழமை வந்தது. எங்கள் குடும்பம் அதை எட்டாம் தேதி சனிக்கிழமை கொண்டாடியது. ஆக்லாந்தில் எங்கள் பண்டிகைகள் எல்லாம் இப்படித்தான் மெல்ல நகர்ந்து சனிக்கிழமையில் போய் உட்காரும். பஞ்சாங்கத்தில் நம்பிக்கை உள்ள அம்மாவுக்கு இதில் சிறு உறுத்தல் உண்டு. அத்தைக்குக் கிடையாது. "நம்ம வேலை ரோஸ்டர் சரஸ்வதிக்குத் தெரியாதா என்ன?" என்பார்.

அந்த வருடம் இந்த நகர்வுக்கு ஒரு விளைவு இருந்தது. புதன்கிழமையாக இருந்திருந்தால், வேலை முடிந்து வந்த அவசரத்தில் ஆளுக்கொரு பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டி முடிந்திருக்கும். சனிக்கிழமை என்பதால் அத்தைக்கு முழுதாக ஒரு காலைப்பொழுது கிடைத்தது.

மாமா என்பவர் அம்மாவின் தம்பி, அத்தை அவர் மனைவி. மாமாவுக்குக் கணினி வலையமைப்புகளைப் பராமரிக்கும் வேலை. திருச்சி கண்டோன்மென்ட் பக்கம் வளர்ந்தவர். ஆக்லாந்துக்கு வந்தவர்கள் வீட்டுக்கடன், பெரிய கார், படகு என்று வரிசையாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், மாமா மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ராணுவத் துப்பாக்கிகளுக்கு ஆசைப்பட்டார். சான்ட்ரிங்ஹாமில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் கராஜில், கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மேசையும், சுவரில் நான்கு துப்பாக்கிகளும் இருந்தன. கார் மழையில் நின்றது.

நான்கில் மூன்று, நேபாளத்தில் ஒரு பழைய ஆயுதக் கிடங்கைக் காலி செய்தபோது கப்பலேறி உலகம் முழுக்கப் பரவியவற்றில் சேர்ந்தவை. நான்காவது, மவுண்ட் வெல்லிங்டனில் இறந்துபோன ஒருவருடைய கராஜைக் காலி செய்த மகளிடமிருந்து வந்தது. திரைச்சீலைக் கம்பிகளோடு ஒரே கட்டாகக் கட்டியிருந்ததாம். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்ட். விசைத் தகட்டில் ஒரு கிரீடமும் 1856 என்ற ஆண்டும் பதிந்திருந்தன. குழலின் வாய் வழியே மருந்தையும் குண்டையும் போட்டு இடித்துச் சுட வேண்டியது. பழம்பொருளாக மட்டும் வைத்துக்கொள்கிற இந்த வகைக்கு அன்றைய சட்டம் உரிமம் கேட்கவில்லை. அத்தையை ஓரளவாவது சமாதானப்படுத்திய ஒரே தகவல் அதுதான்.

அந்த நான்காவது துப்பாக்கிதான் மாமாவின் தூக்கத்தைக் கெடுத்தது. அதன் அடிக்கட்டையைப் பித்தளைத் தகடு மூடியிருக்கும். தகட்டின் மேல்முனையில் ஒரு எண்ணும், எம், என், ஐ என்று மூன்று ஆங்கில எழுத்துகளும் சின்னதாகச் செதுக்கியிருந்தன. மதராஸ் சுதேசிக் காலாட்படை என்பது மாமாவின் முடிவு. 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களிடம் நல்ல துப்பாக்கி கொடுக்க ஆங்கிலேயருக்குப் பயம். வெளியே பார்க்க அதே துப்பாக்கி, குழலின் உள்ளே மட்டும் குறி தப்பாமல் இருக்கச் சுருளாக வெட்டும் பள்ளங்கள் இல்லாமல் செய்து கொடுத்தார்கள். மாமாவின் துப்பாக்கியிலோ மூன்று பள்ளங்களும் இருந்தன. அப்படியானால் மதராஸ் சிப்பாய் ஒருவன் கையில் 1857க்கு முன்பே போய்ச் சேர்ந்த அபூர்வமான ஒன்று அது. இல்லாவிட்டால், யாரோ பிற்காலத்தில் எழுத்தை வெட்டிய போலி. நடுவில் வேறு வழி இல்லை.

எது என்று சொல்லக்கூடியவர் ஆக்லாந்தில் ஒரே ஒருவர்தான். பழந்துப்பாக்கி சேகரிப்போர் சங்கத்தில் மூத்தவர். சங்கத்தின் காலாண்டு இதழைத் தயாரிப்பவரும் அவரே. நான்கு வருடமாக மாமா அந்தச் சங்கத்தில் உறுப்பினர். கடைசி வரிசையில் உட்காருவார். தேநீர் இடைவேளையில் அவரிடம் எல்லாரும் கிரிக்கெட் பற்றி மட்டுமே கேட்பார்கள். அந்தப் பெரியவர் அக்டோபர் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கே வந்து எழுத்துகளைப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டிருந்தார். அவர் தலையசைத்தால் இதழில் ஒரு பக்கம், படத்தோடும் மாமாவின் பெயரோடும் வரும்.

எனக்கு அப்போது பத்து வயது. மூன்று வருடம் முன்புதான் ஊரிலிருந்து வந்திருந்தேன். பெரியவர்கள் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பழக்கம் அதற்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா என்னிடம் நிறையப் பேசுவார். கேட்பதற்கு வேறு ஆள் இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். கராஜுக்குள் நுழைந்தால் முதல் பாடம் எப்போதும் ஒன்றுதான்: துடைக்கலாம், தேய்க்கக் கூடாது. நூற்றைம்பது வருடம் காற்றும் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து பித்தளையில் ஏற்றிய அந்தப் பழுப்பு நிறத்துக்குப் பாட்டினா என்று பெயர். அதுதான் பிறப்புச் சான்றிதழ். எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் தகட்டின் மேலும் நிறம் ஒரே மாதிரி இருந்தால் எழுத்து பழையது. பள்ளத்துக்குள் மட்டும் பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் நேற்று வெட்டியது. பெரியவர் வந்து பார்க்கப்போவதும் இதைத்தான்.

இந்தப் பாடத்தை மாமா எனக்குச் சொல்லியிருக்கிறார், அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலியோரம் நின்று சொல்லியிருக்கிறார். அத்தைக்கு மட்டும் சொன்னதில்லை. அத்தைதான் கராஜுக்குள் காலே வைப்பதில்லையே.

எத்தனை பேரைச் சுட்டதோ என்பது அத்தையின் கட்சி. விளக்கேற்றுகிற வீட்டுக்குள் அது வரக் கூடாது, கராஜோடு நிற்கட்டும். முந்தைய ஆயுத பூஜைகளில் மாமாவின் திருப்புளி, மடிக்கணினி, அத்தையின் தையல் இயந்திரம், என் பள்ளிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. ஆயுதத்துக்கு மட்டும் இல்லை. "பேரு ஆயுத பூஜை. வீட்ல இருக்கற ஆயுதம் மட்டும் வெளிய நிக்குது" என்று மாமா அம்மாவிடம் முறையிடுவார். அந்த வருடம், காரணம் சொல்லாமல், அத்தை இறங்கிவந்தார். வெள்ளிக்கிழமை, அந்த நான்காவது துப்பாக்கியை மட்டும் உள்ளே கொண்டுவந்து வைக்கச் சொன்னாராம். மாமா அதை அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஏதோ பதவி உயர்வு கிடைத்த குரலில் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா என்னை எங்கள் வீடு இருந்த கிளென்ஃபீல்டிலிருந்து கொண்டுவந்து இறக்கிவிட்டு வேலைக்குப் போனார். அன்று பள்ளி விடுமுறை தொடங்கியிருந்தது. ரக்பி உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. மாலையில் இங்கிலாந்தும் பிரான்சும் ஈடன் பார்க்கில் மோத இருந்ததால் சான்ட்ரிங்ஹாம் சாலையில் மத்தியானமே கொடிகளும் குறுக்குத் தடுப்புகளும். மாமா பூ, வாழைப்பழம், பொரிகடலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போய் அந்த நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார்.

அத்தை வீட்டின் பின்பக்கத்து மரத்தளத்தில் உட்கார்ந்திருந்தார். வெயிலில் ஒரு துண்டு விரித்து, அதில் இரண்டு குத்துவிளக்கு, ஒரு மணி, ஒரு தாம்பாளம், அவற்றின் பக்கத்தில் நீளமாக அந்த என்ஃபீல்ட். எல்லாம் ஒரே மஞ்சளாக ஜொலித்தன. அடித்தகடு, விசையைச் சுற்றிய வளையம், குழல்முனையில் மரத்தைப் பிடித்திருக்கும் தொப்பி என்று பித்தளையாக இருந்த ஒன்றையும் அத்தை விடவில்லை. மரத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவியிருந்தார். கைவிரல்கள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

மாமா இதைத் தேய்க்கக் கூடாது என்று சொல்வாரே என்று கேட்டேன்.

"உங்க மாமா ஞாயித்துக்கிழமை குளிக்கக் கூடாதுன்னுகூடத்தான் சொல்லுவாரு. களிம்பப் பாத்தியா? ரெண்டு தண்ணி மாத்தினேன். அவ்வளவும் கறுப்பு" என்றார் அத்தை. பிறகு குரலைத் தாழ்த்தி, "இனிமே இது யாரையும் சுட்டது இல்ல. போயிருச்சு" என்றார்.

மாமா பாட்டினா என்றதும் அத்தை களிம்பு என்றதும் ஒரே பொருள்தான். அதில் எனக்குக் குழப்பமே இல்லை. இப்போது மாமா வந்து என்ன செய்வார் என்பதுதான் என் கவலையாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கவலையைவிட ஆவல் அதிகம்.

மாமா வந்தார். பைகளோடு தளத்தில் காலை வைத்தவர் அப்படியே நின்றார். பைகளை இறக்கினார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடிக்கட்டையைத் தூக்கித் தன் பக்கம் திருப்பி, எழுத்துகளை வெயிலில் பிடித்துப் பார்த்தார். மூன்று எழுத்தும் அன்று காலைதான் வெட்டியதுபோல மஞ்சளாக மின்னின.

"எதுல தேய்ச்ச?"

"புளி, உப்பு. இடுக்குல போகல, பழைய டூத்பிரஷ் போட்டேன். ஏங்க?"

மாமா எழுத்துகளின் மேல் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டினார்.

"ஒண்ணுமில்ல. பளபளன்னு இருக்கு."

"பின்ன? விளக்குத் தேய்க்கற கையாச்சே" என்றார் அத்தை. அவ்வளவு சந்தோஷமாக நான் அத்தையை அதற்கு முன் பார்த்ததில்லை.

மாமா கத்துவார் என்று காத்திருந்த எனக்குப் பெரிய ஏமாற்றம்.

பொழுது சாயும் முன் பூஜை நடந்தது. பட்டுத்துணியின் மேல் துப்பாக்கியைக் கிடத்தி, அத்தை தன் கையால் குழலுக்கும் கட்டைக்கும் சந்தனம் தடவினார். பித்தளைத் தகட்டுக்கு இரட்டைப் பங்கு. அது அவர் உழைத்த இடம். சரியாக எழுத்துகளின் மேல் குங்குமத்தை அழுத்தி வைத்துக் கண்ணை மூடி, செத்தவர்கள் யாராக இருந்தாலும் இந்த வீட்டுப் பிள்ளைகளைத் தொந்தரவு செய்யாமல் நிம்மதியாகப் போகட்டும் என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டார். கற்பூரம் காட்டியதும் கூரையில் இருந்த புகை அலாரம் வழக்கம்போல அலறியது. மாமா வழக்கம்போல நாற்காலி மேல் ஏறி அதன் பேட்டரியைக் கழற்றினார். இறங்க மட்டும் அன்று கொஞ்சம் நேரமெடுத்துக்கொண்டார்.

விருந்தாளியைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து அன்று நான் அங்கேயே தங்கினேன்.

பெரியவர் ஞாயிறு காலை சொன்ன நேரத்துக்கு வந்தார். நெடிய உருவம், அரைக்கால்சட்டை, முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறை. வாசலில் யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியையும் சின்ன டார்ச்சையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, முன்தினம் முடிந்த ஆட்டத்தில் இங்கிலாந்து தோற்றது பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். அத்தை சமையலறையில் இருந்தார். இந்த ஊர் ஆட்கள் பேசும் ஆங்கிலம் தனக்கு விளங்காது என்று அத்தை எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். விற்பனைக்காரர்கள் கதவைத் தட்டும்போது அது வசதியாக இருந்தது. மாமா அதை நம்பினார்; நானும் நம்பினேன்.

பெரியவர் முதலில் விசைத் தகட்டைப் பார்த்தார். கிரீடத்தையும் ஆண்டையும் பார்த்தார். குழலுக்குள் டார்ச் அடித்துப் பள்ளங்களை எண்ணி, மெல்ல விசிலடித்தார். மாமா மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. பிறகு துப்பாக்கியைத் திருப்பினார். விசில் நின்றது.

இது எப்போது நடந்தது என்று கேட்டார். நேற்று என்றார் மாமா. யார் செய்தது என்று கேட்டார்.

மாமா அரைக்கணம் சமையலறைப் பக்கம் பார்த்தார். "நான்தான்" என்றார் ஆங்கிலத்தில்.

நீங்களா என்று பெரியவர் மறுபடி கேட்டார். அதில் கோபம் இல்லை. சங்கத்தில் நான்கு வருடம் உட்கார்ந்திருந்தவர், இப்படி ஒரு எழுத்து இருப்பதன் பொருள் தெரிந்தவர், அதைத் தேய்த்துவிட்டேன் என்கிறாரே என்ற சந்தேகம் மட்டும் இருந்தது. எதற்காக என்றார்.

நீங்கள் வருகிறீர்கள் என்பதற்காக என்றார் மாமா.

பெரியவர் பூதக்கண்ணாடியை எழுத்துகளின் மேல் பிடித்தார். துடைத்தும் போகாமல் பள்ளங்களுக்குள் குங்குமம் செக்கச்செவேலென்று தங்கியிருந்தது. ஒரு குண்டூசியால் அதைத் துளி கிளறி விரல்நுனியில் தேய்த்துப் பார்த்தார். உலோகத்தில் எழுத்து வெட்டுகிறவர்கள் கடைசி மெருகுக்குப் போடும் சிவப்புப் பொடி ஒன்று உண்டு. அதன் பெயரைச் சொல்லி, அதையும் போட்டீர்களா என்று கேட்டார்.

அது குங்குமம், நேற்று எங்கள் வீட்டில் பூஜை, என் அத்தைதான் என்று நான் ஆரம்பித்தேன். என் ஆங்கிலம் அவர்கள் இருவருடையதைவிட வேகமானது. ஆனாலும் முடிக்கவில்லை.

"பாப்பா, உள்ள போய் அத்தைகிட்ட காபி ஆச்சான்னு கேளு."

மாமா என்னிடம் அப்படி ஒரு குரலில் பேசியதே இல்லை. போனேன். போகும்போது பின்னால், ஆமாம், மெருகுப்பொடிதான் என்று மாமா சொல்வது கேட்டது.

அத்தை கதவுக்குப் பின்னால், கையில் தட்டோடு நின்றிருந்தார். தட்டில் மூன்று காபி. மூன்றிலும் ஆடை படர்ந்திருந்தது. காபி ஆச்சா என்று மாமா கேட்கிறார் என்றேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை. மூன்றையும் தொட்டியில் கொட்டிவிட்டுப் புதிதாகப் பால் வைத்தார். நல்ல காபியைக் கொட்டுகிறாரே என்று நினைத்தேன்.

பிறகு அவர் வெளியே வந்து காபியும் சுண்டலும் கொடுத்தார். பெரியவர் சுண்டலைப் புகழ்ந்தார். அத்தை, ஆங்கிலம் தெரியாதவர்கள் சிரிக்கும் விதமாகச் சிரித்தார்.

கிளம்பும்போது பெரியவர் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, தரையைப் பார்த்து, துப்பாக்கி நல்ல துப்பாக்கிதான், எழுத்தைப் பற்றி மட்டும் இனி எதுவும் சொல்வதற்கில்லை என்றார். எழுத்து வெட்டுகிறவர்களைத் தன் காலத்தில் நிறையப் பார்த்துவிட்டதாகவும் சொன்னார். மாமாவின் கையைக் குலுக்கினார். மாமாவும் குலுக்கினார். கார் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றார்.

நான் விடவில்லை. எதற்குப் பொய் சொன்னீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பூஜை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார் என்பது பத்து வயதுக்குக்கூட விளங்கிய விஷயம்.

"பொய் எங்க? என் துப்பாக்கி, என் வீட்ல விளக்கினது. நான் விளக்கின மாதிரிதானே?" என்றார் மாமா.

சமையலறையில் குழாய் திறந்திருந்தது. அது வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. மாமா சொன்னது வாதமே இல்லை என்று எனக்குத் தோன்றியது. உண்மை பேசுவதைப் பற்றி எங்கள் வகுப்பில் அந்தப் பருவம் முழுக்க ஒரு சுவரொட்டி தொங்கியது. அதில் இப்படி ஒரு விதிவிலக்கு இல்லை.

டிசம்பரில் சங்கத்தின் இதழ் வந்தது. வேறு யாரோ ஒருவருடைய, துப்பாக்கி முனையில் செருகும் ஈட்டி பற்றி இரண்டு பக்கம் இருந்தது. மாமா அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். கூட்டங்களுக்குத் தொடர்ந்து போனார். இப்போதெல்லாம் கிரிக்கெட் பற்றிக்கூட யாரும் கேட்பதில்லை என்று ஒருநாள் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

2012இல் ஆயுத பூஜை அக்டோபர் இருபத்துமூன்று, செவ்வாய்க்கிழமை. நாங்கள் இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை கொண்டாடினோம். அந்த முறை துப்பாக்கியைக் கராஜிலிருந்து எடுத்துவந்தது அத்தை. பழைய பருத்திப் புடவை ஒன்றில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பட்டுத்துணியில் வைத்துப் புடவையைப் பிரித்தார். ஒரு வருடத்தில் பித்தளையின் பளபளப்பு மங்கி, விளிம்புகளில் லேசாகப் பழுப்பு எட்டிப்பார்த்தது. பக்கத்தில் இருந்த விளக்குகள் புதிதாக விளக்கிப் பளபளத்தன. இதன் மேல் மட்டும் தண்ணீர் பட்ட தடமே இல்லை.

எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்த அத்தை, துப்பாக்கியிடம் வந்ததும் நிறுத்தினார். ஒரு வெற்றிலையை எடுத்து, சந்தனத்தையும் குங்குமத்தையும் அதன் மேல் வைத்து, இலையைத் துப்பாக்கியில் படாமல் பக்கத்தில் வைத்தார்.

"துப்பாக்கிக்கு வெக்கலயா?" என்று கேட்டேன். அபூர்வமாகத் தமிழில்.

"அதைத் தொடக் கூடாது" என்றார் அத்தை.

மாமா விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. தூண்டிய திரியையே மறுபடி தூண்டினார்.

அன்று வீடு திரும்பும் வழியில் கார் துறைமுகப் பாலத்தில் ஏறும்போது, பின்சீட்டிலிருந்து அம்மாவுக்கு என் முடிவை அறிவித்தேன்: ஒரு வருடமாகியும் அத்தைக்கும் மாமாவுக்கும் அந்தத் துப்பாக்கிச் சண்டை தீரவே இல்லை.